முப்பத்தாறாவது ஆளின் குதிகால்

டிசம்பர் 2, செவ்வாய்

இந்த நோட்டு எனக்குச் சும்மா கிடைத்தது. பால் சங்கத்து ஊழியர்களைக் கூட்டி உட்கார வைத்து, தலைமைப் பண்பு என்று ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். தக்காளி சாதம், தயிர் சாதம், ஒரு பேனா, ஒரு நோட்டு. பேனா அன்றைக்கே எழுதவில்லை. நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தலைவர் என்பவர் எப்படி இருப்பார் என்று ஒரு வரி அச்சடித்திருக்கிறது. மூன்று வாரமாகப் பீரோவில் கிடந்ததை இன்று எடுத்துவிட்டேன். ஏனென்றால் இன்று நான் தலைவி ஆகிவிட்டேன்.

எங்கள் ஊருக்கு வள்ளி கும்மி கற்றுக்கொடுக்க ஒரு வாத்தியார் வருகிறார். கோயில் மைதானத்தில் தினமும் பொழுது சாய்ந்ததும் பயிற்சி. முப்பத்தாறு பெண்கள் சேர்ந்திருக்கிறோம். இன்று வாத்தியார் ஏதோ சொல்லப் பார்க்கிறார், ஒருத்தியாவது வாயை மூடினால்தானே. எனக்குப் பொறுக்கவில்லை. பால் ஊற்ற வருகிறவர்களைத் தினமும் மேய்க்கிற குரலில், "வரிசையில நில்லுங்க" என்று ஒரு சத்தம் போட்டேன். முப்பத்தைந்து பேரும் கம்மென்று நின்றுவிட்டார்கள். அந்தப் பக்கம் போன ஒரு சைக்கிள்காரரும் நின்றார்.

வாத்தியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தன் தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து நீட்டி, "அம்மிணி, இதை இடுப்புல கட்டிக்குங்க. இனி நீங்கதான் முதல் ஆளு" என்றார். கும்மியில் முதல் ஆள் எப்படி அடி வைக்கிறாளோ அப்படித்தான் மற்றவர்கள் வைக்க வேண்டும்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பத்தேழு வயதில் இடுப்பில் சிவப்புத் துண்டு. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்ப ராத்திரிக்கு இட்டிலிதானா?" என்றார்.

டிசம்பர் 5, வெள்ளி

பிப்ரவரி எட்டாம் தேதி அரங்கேற்றம். அதற்குள் ஆட்டம் கூடி வராவிட்டால் அரங்கேற்றமே கிடையாது என்று வாத்தியார் சொல்லிவிட்டார். போன வருஷம் ஓர் ஊரில் பந்தல் போட்ட பிறகு நிறுத்தியிருக்கிறாராம்.

ஆகவே இன்று ஆட்களை நான் நிறுத்தினேன். நன்றாக ஆடுகிறவர்கள் எனக்குப் பின்னால். எனக்கு அடுத்து சுலோச்சனா. சுமாரானவர்கள் நடுவில். ஆகாதவர்கள் வால் பக்கம். வாலுக்கும் வாலாக, முப்பத்தாறாவது ஆளாக, மயிலாத்தாளை நிறுத்தினேன். தென்னை நார் களத்தில் வேலை பார்க்கிறாள். தினமும் கால்மணி நேரம் தாமதம், தலையெல்லாம் நார்த் தூசி, பெரிய உடம்பு, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. அவள் ஊற்றுகிற பாலில் தண்ணீர் இருக்கிறது என்று நான் இரண்டு வருஷத்துக்கு முன்பு சொன்னதற்கும் இப்படித்தான் சிரித்தாள். கடைசியில் நின்றால் யார் கண்ணிலும் பட மாட்டாள் என்பது என் கணக்கு.

பாட்டு ஆரம்பித்தது. வரிசை சுற்றி வந்து வட்டமாகக் கூடியது. அப்புறம்தான் உறைத்தது. வட்டத்தில் கடைசி ஆள் முதல் ஆளுக்கு முன்னால் வந்து நிற்கிறாள். மைதானம் முழுக்க இடம் கிடக்க, என் மூக்குக்கு நேராக மயிலாத்தாளின் முதுகு. மாற்றி நிறுத்தலாம். ஆனால் நிறுத்தினவளே மறுநாள் மாற்றினால் மரியாதை என்ன ஆவது?

டிசம்பர் 9, செவ்வாய்

எட்டடி ஆட்டத்தை ஒரே நாளில் பிடித்துவிட்டேன். வாத்தியாரே அசந்துபோனார். மயிலாத்தாளின் வலது குதிகாலில் மூன்று வெடிப்பு, இடதில் ஐந்து.

டிசம்பர் 14, ஞாயிறு

நங்கையா போன் செய்தார். வீட்டுக்காரரின் அக்கா. பக்கத்து ஊர்க் கும்மியில் போன வருஷம் அவர்தான் முதல் ஆள். அதிலிருந்து ஒவ்வொரு விசேஷத்திலும் அந்த வீடியோவை என்னிடம் காட்டிக்கொண்டிருக்கிறார். இருபத்திரண்டு வருஷமாக அவர் வீட்டுக்குப் போனால் எனக்கு அடுக்களை, அவருக்குக் கூடம். இப்போது நானும் முதல் ஆள் என்று அவரிடம் சொன்னேன்.

"ஏங்கண்ணு, உனக்கு இடது எது வலது எதுன்னே தடுமாறுமே" என்றார்.

"அதெல்லாம் அந்தக் காலமுங்க" என்றேன். அரங்கேற்றத்துக்கு வந்து முன் வரிசையில் உட்காருகிறாராம். வரட்டும்.

ஆட்டம் கூடி வருகிறது. முப்பத்தாறு கால் ஒன்றாக விழும்போது மைதானம் அதிர்கிறது. எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை ஜிவ்வென்கிறது. ஒரே தொந்தரவு, மயிலாத்தாள் ஆடும்போது வாய்க்குள் முனகிக்கொண்டே ஆடுகிறாள். "போடு, போடு, பொறு, திரும்பு." கவனம் சிதறாதா? எனக்குச் சிதறவில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

வாட்ஸப்பில் குழு ஆரம்பித்துவிட்டேன். தினமும் காலை ஐந்து மணிக்கு நோட்டிலிருந்து ஒரு வரி அனுப்புகிறேன். இன்றைய வரி: தலைவர் திரும்பிப் பார்ப்பதில்லை. முப்பது பேர் கும்பிடு போட்டார்கள். மயிலாத்தாள் மட்டும் குரல் செய்தி அனுப்பினாள். திறந்தால் ஒரு நிமிஷம் வெறும் சிரிப்பு. கடைசியில், "திரும்பினா சுலோச்சனா மூஞ்சிதானுங்க்கா இருக்கும்" என்றாள். அதற்கு முப்பத்துநாலு கும்பிடு.

பால் சங்கத்தில் கேன் கழுவும்போது என்னை அறியாமல் எட்டடி வந்துவிடுகிறது. இன்று ஒரு கேன் உருண்டு வாசல் வரை போனது. சங்கத் தலைவர் எடுத்துக் கொடுத்தார். நானும் ஒரு தலைவிதான் என்பதால் நன்றி மட்டும் சொன்னேன்.

ஜனவரி 2, வெள்ளி

புடவை நிறம் பற்றிக் கூட்டம். மஞ்சள் என்று அறிவித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பயிற்சியில் சொன்னார்களே, கருத்து ஒன்றுபடுவது தலைமையின் அடையாளம் என்று.

ஜனவரி 4, ஞாயிறு

முப்பத்தைந்து பேரும் கிளிப்பச்சையில் எடுத்துவிட்டார்கள். மஞ்சளில் வேர்வை தெரியும் என்று மயிலாத்தாள் போகிறபோக்கில் யாரிடமோ சொன்னாளாம். யோசித்துப் பார்த்தால் நானும் ஆரம்பத்திலிருந்தே பச்சையைத்தான் மனதில் வைத்திருந்தேன். மஞ்சளைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

நங்கையா சொல்லாமல் கொள்ளாமல் பயிற்சி பார்க்க வந்துவிட்டார். ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டே பார்த்தார். அவர் கண் முன்னால் இதுவரை ஆடாத ஆட்டம் ஆடினேன். முடிந்ததும் பக்கத்தில் வந்து, "நல்லாத்தான் ஆடறீங்க. ஆமா, உனக்கு முன்னால நிக்கறாளே, அவ யாரு? மொத்த ஆட்டமும் அவ கால்ல இருக்குதே" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதே சமயம், இன்றும் கால்மணி நேரம் கழித்து வந்து ஆட்டத்தில் சேர்ந்திருந்த மயிலாத்தாள் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து, "அக்கா, இன்னைக்கும் லேட்டாயிருச்சுங்க, லாரி லோடு வந்துருச்சு" என்றாள்.

"மூணு நாள் லேட்டானா ஆளே வேண்டாம்னு விதி இருக்குது மயிலாத்தா. நாளையிலருந்து வர வேண்டாம்" என்றேன். அந்த விதி அந்த நிமிஷம்தான் பிறந்தது.

அவள் சிரிப்பு நின்றது. அது நின்று நான் பார்த்ததே இல்லை. பிறகு புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிங்க்கா" என்றாள். இரண்டு எட்டு போய்த் திரும்பி வந்தாள். "திருப்பத்துல மட்டும் இடது காலைச் சித்தெ பொறுத்துப் போடுங்க்கா. அங்க நீங்க அவசரப்படறீங்க."

எனக்கே சொல்லிக்கொடுக்கிறாள். நோட்டில் இந்தப் பக்கத்து வரி: தலைவர் கடினமான முடிவுகளை எடுக்கத் தயங்குவதில்லை. சரியான பக்கத்தில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 12, திங்கள்

தரை சரியில்லை. மேடும் பள்ளமும். மூன்றாவது அடியிலேயே நின்றுவிட்டது. எனக்கு முன்னால் இப்போது முப்பத்தைந்தாவது ஆள். அவள் தனக்கு முன்னால் இருப்பவளைப் பார்த்து ஆடுகிறாள். அவள் அவளுக்கு முன்னால் இருப்பவளை. அப்படியே சுற்றி வந்தால் சுலோச்சனா என்னைப் பார்க்கிறாள். நான் யாரைப் பார்ப்பது? என்று எழுதிவிட்டேன், அடிக்க மனமில்லை. நான் யாரையும் பார்க்கத் தேவையில்லை, நான் முதல் ஆள். தரைதான் சரியில்லை.

திருப்பத்தில் பாதிப்பேர் இந்தப் பக்கம் திரும்ப, பாதிப்பேர் அந்தப் பக்கம் திரும்ப, நான்கு ஜோடி நெற்றியோடு நெற்றி இடித்துக்கொண்டார்கள். சுலோச்சனாவுக்கு நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம்.

ஜனவரி 13, செவ்வாய்

இன்றும் தரை சரியில்லை. வாத்தியார் மண் கொட்டி நிரவச் சொல்லி அதன் மேலும் ஆடிப் பார்த்தோம். "பொங்கல் முடிஞ்சு ஒரு வாரம் பார்ப்பேன் அம்மிணி. கூடலைன்னா அரங்கேற்றம் இல்லை" என்றார். துண்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பார்த்தார்.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் அடித்துவிட்டு, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து மாட்டுக்கொட்டகையில் தனியாக ஆடிப் பார்த்தேன். சிமெண்டுத் தரை. மேடு இல்லை, பள்ளம் இல்லை. மூன்று அடி வந்தது. நாலாவதுக்கு எந்தக் கால் என்று தெரியவில்லை. மாட்டைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது.

வீட்டுக்காரர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. நங்கையாவுக்கு அனுப்புவதற்காக நான் அவரைப் பயிற்சி வீடியோ எடுக்கச் சொல்லியிருந்தேன். பதினோரு வீடியோ. போனை நீட்டினார்.

"ஆட்டத்தைப் பார்க்காத. உன்ற கண்ணை மட்டும் பாரு புள்ள."

பார்த்தேன். பதினொன்றிலும் என் கண் ஒரே இடத்தில் இருக்கிறது. மயிலாத்தாளின் குதிகாலில்.

"அழிச்சுருங்க" என்றேன்.

"ஆகட்டும். இன்னொன்னு பார்த்துட்டுச் சொல்லு."

டிசம்பர் கடைசியில் எடுத்தது. திருப்பம் வருகிறது. மயிலாத்தாள் காலைத் தூக்கிவிட்டுப் போடாமல் வைத்திருக்கிறாள். கண்ணை லேசாகப் பின்னால் ஓட்டி என் காலைப் பார்க்கிறாள். நான் தடுமாறிச் சேர்ந்ததும்தான் போடுகிறாள். ஒவ்வொரு திருப்பத்திலும் அப்படித்தான். அந்த 'பொறு' பாட்டுக்குச் சொன்னதல்ல, எனக்குச் சொன்னது. அவள் எனக்காகப் பொறுக்க, முப்பத்தாறு பேரும் பொறுத்து, ஒன்றாகத் திரும்பியிருக்கிறோம். நான் அதை என் ஆட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. கொட்டகையிலேயே உட்கார்ந்து அழுதேன். கையிலிருந்த கொம்பு வண்ணம் முகமெல்லாம் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரர் வீடியோக்களை அழிக்கவில்லை.

ஜனவரி 17, சனி

நார் களத்துக்குப் போனேன். மாட்டுப் பொங்கலுக்கு அடுத்த நாளே வேலை ஆரம்பித்துவிட்டார்கள். மயிலாத்தாள் தலையில் துணி கட்டிக்கொண்டு, நாரை வெயிலில் உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று தயார் செய்துகொண்டு போயிருந்தேன்.

"மயிலாத்தா, நான் உன்னைய..." தும்மல். "நான் பண்ணினது..." தும்மல். காற்று என் பக்கமாக அடித்தது. அந்தத் தூசியில் ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை. ஒன்பது தும்மல் எண்ணினேன். கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர்.

அவள் முதலில் பயந்துபோய்த் தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுவந்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. களத்திலிருந்த பத்துப் பேருக்கும் வந்தது. கடைசியில் எனக்கும் வந்தது. சிரிப்பும் தும்மலும் சேர்ந்து, மட்டைக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"தப்புப் பண்ணிட்டேன் மயிலாத்தா" என்றேன். அது மட்டும் முழுசாக வந்தது. இடுப்பிலிருந்த சிவப்புத் துண்டை அவிழ்த்து நீட்டினேன். "இது உன்றது."

அவள் வாங்கவில்லை. "எனக்கெதுக்குங்க்கா? நான் நில்லுங்கன்னு சொன்னா எங்க ஊட்டுக் கோழி கூட நிக்காது. முப்பத்தாறு பேரைக் கூட்டி நிறுத்தறது உங்களாலதான் ஆகும். நீங்க நிறுத்துங்க. நின்னதுக்கப்புறம் நான் பார்த்துக்கறேன்."

"நீ யாரைப் பார்த்து ஆடற?"

"யாரையும் பார்க்கறதில்லீங்க. பாட்டைக் கேட்டுட்டுப் போறேன். அப்பப்ப உங்களைப் பார்த்துக்குவேன், உழுந்துருவீங்களோன்னு."

வேலை ஆறரைக்குத்தான் முடிகிறது, எப்படி வந்தாலும் லேட்டாகும் என்றாள். நேராக வாத்தியார் வீட்டுக்குப் போய்ப் பயிற்சியை ஏழு மணிக்கு மாற்றச் சொன்னேன். அவர் ஊருக்குக் கடைசி பஸ் போய்விடும் என்றார். என் வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுபோய் விடுவார் என்றேன். வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது.

ஜனவரி 19, திங்கள்

தரை நன்றாக இருக்கிறது.

ஜனவரி 24, சனி

வாத்தியார் முழு ஆட்டத்தையும் நிற்காமல் ஆடச் சொன்னார். ஆடினோம். முடிந்ததும் அவர் போனை எடுத்துப் பந்தல்காரரை அழைத்தார். நாங்கள் முப்பத்தாறு பேரும் போட்ட கூச்சலில் கோயில் புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன. மயிலாத்தாள் என்னைத் தூக்கிச் சுற்றினாள். எனக்குத் தலை சுற்றியது, அப்படியே இன்னொரு சுற்றுச் சுற்றச் சொன்னேன்.

வாட்ஸப்பில் காலை வரி அனுப்புவதை நிறுத்திவிட்டேன். ஐந்து மணிக்கு இப்போது மயிலாத்தாளின் சிரிப்புதான் வருகிறது.

பிப்ரவரி 8, ஞாயிறு

எழுத உட்கார்ந்துவிட்டேன். கால் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

கூட்டமென்றால் கூட்டம். முன் வரிசையில் நடு நாற்காலியில் பட்டுப் புடவையில் நங்கையா. முப்பத்தாறு கிளிப்பச்சை, முப்பத்தாறு ஜோடிச் சலங்கை. "வரிசையில நில்லுங்க" என்று நான் ஒரு சத்தம் போட்டேன். ஆடுகிறவர்கள் மட்டுமல்ல, ஐஸ் விற்கிறவரிடம் கூடியிருந்த கூட்டமும் வரிசையில் நின்றுவிட்டது.

மயிலாத்தாளின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே ஆடினேன். இந்தத் தடவை தெரிந்தே பார்த்தேன். மஞ்சள் பூசி, மருதாணி வைத்து, குதிகால் பளிச்சென்று இருந்தது. எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். ஒரு பயமும் இல்லை.

நடு ஆட்டத்தில் ஒரு திருப்பம் உண்டு. எல்லோரும் அப்படியே பின்னால் திரும்பி எட்டு அடி போய், மறுபடி திரும்ப வேண்டும். அந்த எட்டு அடிக்கு மட்டும் மயிலாத்தாள் எனக்குப் பின்னால் போய்விடுவாள். முன்னால் சுலோச்சனா. தரை நன்றான பிறகு பயிற்சியில் ஒருநாளும் தவறினதில்லை. இன்று திரும்பினபோது நேராக நங்கையாவின் முகம். அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தாவு தாவ வேண்டிய இடத்தில் இரண்டு தாவு தாவிவிட்டேன்.

அவ்வளவுதான், மானம் போயிற்று என்று நினைத்தேன். எனக்குப் பின்னால் ஒரு பெரிய சலங்கைச் சத்தம் இரண்டு தடவை கேட்டது. மயிலாத்தாளும் இரண்டு தாவு தாவியிருக்கிறாள். நான் தாவினதைவிட உயரமாக, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு. அவளைப் பார்த்து அவளுக்குப் பின்னால் இருந்தவள் தாவ, அவளைப் பார்த்து அடுத்தவள் தாவ, வட்டம் முழுக்க ஒவ்வொரு ஆளாகத் தாவித் தாவி, கடைசியில் எனக்கு முன்னால் இருந்த சுலோச்சனா வரைக்கும் வந்து சேர்ந்தது. ஜனங்கள் எழுந்து கைதட்டினார்கள். வாத்தியார் பாட்டை நிறுத்தாமலே, நடுவில், "அப்படிப் போடு" என்றார். இரண்டாம் சுற்றில் அந்த இடம் வந்ததும் முப்பத்தாறு பேரும் சொல்லாமலே இரண்டு தாவு தாவினோம்.

முடிந்ததும் நங்கையா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். "ஏங்கண்ணு, அந்த ரெட்டைத் தாவு எங்க வாத்தியார் சொல்லியே குடுக்கலையே. அது யாரு கண்டுபிடிச்சது?"

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நின்றது இதுதான் முதல் தடவை. நான்தான் என்று வாய் வரை வந்துவிட்டது. பக்கத்தில் மயிலாத்தாள் என் சிவப்புத் துண்டை உருவி எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் காட்டிக்கொடுத்திருக்க மாட்டாள். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"நான் தப்பாத் தாவிட்டேனுங்க. அதை ஆட்டமா ஆக்கினது இவ" என்றேன்.

நங்கையா மயிலாத்தாளைப் பார்த்தார். மயிலாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் நங்கையாவும் பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு ரெட்டைத் தாவு தாவிப் பார்த்தார். இடது வலது தடுமாறியது.

பிப்ரவரி 9, திங்கள்

உடம்பெல்லாம் வலி. காலையில் பால் சங்கத்தில் ஒருத்தரும் வரிசையில் நிற்கவில்லை, எல்லோரும் நேற்றைக் கதையைப் பேசிக்கொண்டு நின்றார்கள். ஒரு சத்தம் போட்டேன், நின்றார்கள். மயிலாத்தாள் தாமதமாக வந்து கடைசியில் நின்றாள்.

அளந்து ஊற்றிக்கொண்டே வந்தவள், வரிசை நகரவில்லையே என்று தலையைத் தூக்கிப் பார்த்தேன். பால் சொம்போடு எல்லோரும் பின்னால் திரும்பி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு சொட்டு சிந்தாமல் அந்த ரெட்டைத் தாவைத் தாவிக் காட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் போட வாயைத் திறந்தேன். பிறகு அளக்கிற பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, நன்றாகத் தெரிகிற இடமாகப் போய் நின்று நானும் அவள் காலைப் பார்த்தேன்.